கோபுரத்துப் பொம்மைக்கும் கால் முளைக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். மணியடிப்பவர் இப்போதே என்னை உற்றுப் பார்ப்பதால், புகழுரைகளை எல்லாம் பிறகு தனித்தனியே வந்து சொல்லிக்கொள்கிறேன்.

‘அனிமே கதைகளை, அதாவது ஜப்பானில் வரைந்து அசையவிடும் படக்கதைகளை, நடிகர்களைக் கொண்டு படமாக்குவது அக்கதைகளுக்கு வாழ்வா, கேடா?’ என்பது தலைப்பு. வாழ்வே என்று பேச வந்திருக்கிறேன். கேடு என்று பேசிய எதிரணித் தலைவர், 2009இல் ஹாலிவுட்டில் எடுத்த டிராகன் பால் படத்தையும், 2021 நவம்பரில் வெளியிட்டு மூன்று வாரத்திற்குள் நெட்ஃபிளிக்ஸ் கைகழுவிய கவ்பாய் பீபாப் தொடரையும் சான்றாக நிறுத்தினார். இரண்டையும் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. டிராகன் பால் படத்திற்குத் திரைக்கதை எழுதியவரே, பெரும்பணத்திற்காகத்தான் அந்த வேலையில் இறங்கினேன் என்று ஒப்புக்கொண்டு 2016இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்கில் நான் வாதாடினால் எனக்குத்தான் அவமானம்.

ஆனால் அந்தப் படத்தால் விளைந்த ஒரு நன்மையை எதிரணியினர் சாமர்த்தியமாக மறைத்துவிட்டார்கள். டிராகன் பால் கதையின் நாயகன் கோகுவைப் படைத்த அகிரா தோரியாமா, அந்தக் கதையை என்றோ முடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தாம் பெற்ற பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டார்களே என்ற கோபமும் தம்மை மறுபடி அந்தக் கதைக்குள் இழுத்து வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 2013இல் புதிய டிராகன் பால் அனிமே திரைப்படம் அவர் கைபட்டு வந்தது. மோசமான படமே இவ்வளவு செய்யுமானால், நல்ல படம் என்னவெல்லாம் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, என்னை உறங்கவிடாமல் செய்யப் போகிற அந்தக் கிண்டலுக்கு வருகிறேன். ‘வரைந்த பாத்திரத்திற்கு மனிதரை நடிக்க வைப்பது, கோபுரத்துப் பொம்மையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரை ஏற்றி நிறுத்துவது போன்றது’ என்றார் எதிரணித் தலைவர். அவையே குலுங்கிச் சிரித்தது, நானும் சிரித்தேன், நடுவர் சிரித்துவிட்டு, நடுநிலை நினைவுக்கு வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்த பிறகுதான் அவர் எங்கே கால் வைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. ஐயா, கோபுரத்தைப் பற்றி நம்மிடமே பேசலாமா?

தில்லைக் கோபுர வாயில்களின் உட்சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களும், அதாவது ஆடல் அசைவுகளும், அங்கே கல்லில் நிற்கின்றன. அந்தச் சிற்பிக்கு முன்னால் யாரோ ஒரு பெண் காலைத் தூக்கி, இடுப்பை வளைத்து, வியர்வை சொட்ட ஆடியிருக்க வேண்டும். ஆடிய உடம்பு கல்லாயிற்று. பல நூற்றாண்டுகள் கழித்து நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அவர்கள் அந்தக் கரணங்களை ஆராய்ந்து, கல்லில் உறைந்து நின்ற அசைவுகளை மறுபடி மனித உடம்பிற்குக் கொண்டுவந்தார். கோபுரத்துப் பொம்மை இறங்கி மேடையில் ஆடியது! அப்போது சிதம்பரத்தில் கல் ஏதும் குறைந்து போனதாக நான் கேள்விப்படவில்லை. கேடு என்கிறவர், தம் கட்சிக்குச் சாட்சியாகக் கோபுரத்தை அழைத்து வந்தார். கோபுரமோ என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டது. மளிகைக்கடைக்காரர் செய்தி மட்டும் மிச்சம் இருக்கிறது. நம் ஊர்த் தெருக்கூத்தில் பகலெல்லாம் உழுதவரும் கடை நடத்தியவரும்தானே இரவில் கிரீடம் கட்டித் துரியோதனனாகிறார்கள்? விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற யாராவது எழுந்து, ‘இவர் துரியோதனன் அல்லர், எனக்கு இரண்டு படி அரிசி பாக்கி தர வேண்டியவர்’ என்று சொன்னதுண்டா?

கதைக்கு ஊர்விட்டு ஊர் போவது புதிதும் அன்று. கோகு என்ற அந்தப் பெயரே சீனக் கதையின் குரங்கு வீரனிடமிருந்து ஜப்பானுக்குப் போனது. அந்தக் குரங்கு காவல் காத்து அழைத்து வரும் துறவி, இந்தியாவுக்குப் பயணம் செய்த யுவான் சுவாங். காஞ்சியைப் பற்றி எழுதியவர் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்தவர்தான். அந்தக் குரங்கிடம் நம் அனுமனின் சாயல் உண்டு என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு நாடு கடந்து வந்த கதையை இனி ஜப்பானிய ஏட்டை விட்டு நகராதே என்று தடுப்பது என்ன நியாயம்? கோகுவே வேறொரு கோளிலிருந்து கைக்குழந்தையாக அனுப்பப்பட்டு, நம் பூமியில் ஒரு கிழவர் எடுத்து வளர்த்த பிள்ளை.

ஒன் பீஸ் தொடரைப் பாருங்கள். லூஃபி என்ற இளைஞனைத் தலைவனாகக் கொண்ட கடற்கொள்ளையர் கூட்டத்தைப் பற்றி எய்ச்சிரோ ஓடா 1997 முதல் எழுதி வரும் கதை. லூஃபியும் நண்பர்களும் நம் உலகத்தில் பிறந்திருந்தால் எந்த நாட்டவர் என்று வாசகர் கேட்டபோது, லூஃபி பிரேசில், ஸோரோ ஜப்பான், நாமி சுவீடன், உசோப் ஆப்பிரிக்கா, சஞ்சி பிரான்சு என்று அவர் விடை சொன்னார். 2023இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் மெக்சிகோ நாட்டு இளைஞர் இன்யாக்கி கொடோய் லூஃபியாக நடித்தார். கப்பல்களைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கட்டினார்கள். ஓடாவும் தயாரிப்பில் உடனிருந்தார். படைத்தவரை அருகில் வைத்துக்கொண்டால் கேடு வராது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தொடரால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். என் தந்தையார் எந்த அனிமேயையும் ‘பொம்மைப் படம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். என் அக்காள் மகன் ஒன் பீஸ் பார்க்கும்போது இவர் செய்தித்தாளைத் திரைபோல் பிடித்துக்கொள்வார். நடிகர்களை வைத்து எடுத்த தொடர் வந்த அன்று, அந்தச் செய்தித்தாள் ஓர் அங்குலம் இறங்கியது. ‘யாரடா இந்தப் பையன், கை இவ்வளவு தூரம் நீளுகிறது?’ என்றார். ‘அவன் உடம்பு ரப்பர், தாத்தா’ என்றான் பேரன். ‘மருத்துவரிடம் காட்டி வைத்தியம் பார்க்கக் கூடாதா?’ என்றார். இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது. கோமாளிக் கொள்ளையன் பக்கி வந்து, கை ஒருபுறம் கால் ஒருபுறமாகப் பறந்தபோது செய்தித்தாள் மடிக்கே வந்துவிட்டது. மறுநாள் மாலை, நாங்கள் யாரும் அழைக்காமலே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ‘சும்மா காற்று வாங்க வந்தேன்’ என்றார். மின்விசிறி அவருடைய அறையில்தான் ஐயா நன்றாகச் சுற்றும்!

பேரன் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஓர் இடத்தில் ‘நிறுத்து’ என்றார். கப்பல் உடைந்து, பாறை ஒன்றில் கொள்ளையர் தலைவர் ஸெஃப்பும் சிறுவன் சஞ்சியும் ஒதுங்குகிறார்கள். சிறிய மூட்டையைச் சிறுவனிடம் தந்துவிட்டுப் பெரிய மூட்டையை அவர் வைத்துக்கொள்கிறார். பசி தாங்காத சிறுவன் அந்தப் பெரிய மூட்டையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பொன்னும் மணியும்தான் இருக்கின்றன; உணவு முழுவதையும் அவர் பிள்ளைக்கே கொடுத்துவிட்டிருக்கிறார்.

என் தந்தையார் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். போன புதிதில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லையாம். அறையில் மூத்தவராக இருந்த மலையாளி ஒருவர், தட்டை இவர் பக்கம் நகர்த்திவிட்டு, ‘நான் வேலையிடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்று ஒவ்வோர் இரவும் சொல்வாராம். அது பொய் என்பது, அவர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற நாளில்தான் இவருக்குத் தெரிந்ததாம். இதை அவர் எங்கள் தாயாரிடம்கூடச் சொன்னதில்லை. கடிதங்களில் எல்லாம் ‘நலம், நலமறிய அவா’ என்று மட்டும் எழுதியவர், ஒரு நடிகரின் முகத்தில் அந்த மலையாளியைக் கண்டுகொண்டு, பேரனிடம் அன்றைக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் தாயார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

நடுவர் அவர்களே, இது வாதமா என்று எதிரணியினர் கேட்பார்கள். இல்லைதான். தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. கேடு என்று சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அதை மூன்றாவது வரிசையில் மூக்குக்கண்ணாடியோடு அமர்ந்திருக்கிற என் தந்தையாரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. நன்றி, வணக்கம்.