பாளை அரிவாளின் வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நெல்லை மாவட்டம் திசையன்விளைப் பக்கம். தாத்தா பனையேறி. அவர் இடுப்பில் கட்டிய பெட்டிக்குள், பனம்பூங்கொத்தான பாளையைச் சீவும் பாளை அரிவாள் இருக்கும். "தொடாதல, கை போயிரும்" என்பார். எனக்கோ எப்போதும் அதன்மேல்தான் கண்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, தீட்டுப்பலகையில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி அரிவாளைத் தீட்டுவார். சர்ரக், சர்ரக் என்று ஒரே சீராகச் சத்தம் வரும். பிறகு முன்கையில் வைத்து இழுப்பார், முடி உதிரும். பாளையை ஒவ்வொரு வேளையும் வெற்றிலையைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிவாளின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மழுங்கியிருந்தால் பாளை நசுங்கிவிடும், பதநீர் ஊறாது. அந்த வருடத்துக் கருப்பட்டியே அந்த வாயில்தான் இருந்தது.

பத்து வயதில் திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவில் ஒரு பேனாக்கத்தி வாங்கினேன். பளபளவென்று இருந்தது. இரண்டாவது மாங்காயிலேயே வாய் மடங்கிப்போனது. அழுகையோடு கொல்லம்பட்டறைக்குக் கொண்டு போனேன். ஆசாரித் தாத்தா நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுல தோய்ச்சல் இல்லப்பா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளத்தான் அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் துருத்தி ஊதப் போனேன்.

பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று அங்கேதான் புரிந்தது. வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது. அடிப்பதற்கு உரித்த பனம்பழத்தின் நிறம் வர வேண்டும். தோய்ச்சல் என்பது சுட்ட இரும்பைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது; தோய்ப்பதற்கு அவ்வளவு சூடு ஆகாது, கோவைப்பழச் சிவப்பு போதும். அந்தச் சூட்டில் காந்தம் இரும்பைப் பிடிக்காது. ஏறக்குறைய 770 டிகிரியில் அந்த ஈர்ப்பு போய்விடுகிறது. ஆசாரித் தாத்தா காந்தம் வைத்துப் பார்த்ததே இல்லை. கண் போதும் அவருக்கு. வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, கல்லால் ஒரு தேய் தேய்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப் பக்கம் இறங்கும். வைக்கோல் நிறம் ஓடி வரும், பின்னாலேயே பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் மொத்தமாகத் தண்ணீருக்குள் விட்டுவிடுவார். கொஞ்சம் அசந்தால் நீலமும் வாய்க்கு வந்துவிடும். அந்தக் கத்தி வளையும், ஆனால் கூர் நிற்காது.

நான் தனியாகச் செய்த முதல் கத்தி பழைய லாரிப் பட்டையில். வில்லாக வேலை செய்த எஃகு, அதில் கரிச்சத்து (கார்பன்) போதுமான அளவு இருக்கும். தண்ணீரில் விட்டால் கீறல் விழும் என்பதால் எண்ணெயில் தோய்த்தேன். அரம் வைத்தால் வழுக்கியது. அவ்வளவு கடினம்! சந்தோஷத்தில் மறுபடி சூடு காட்டாமல் விட்டுவிட்டேன். கை தவறித் தரையில் விழுந்தது, கண்ணாடி மாதிரி இரண்டாக உடைந்தது. இப்போது தோய்த்த எதையும் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டு தடவை வாட்டாமல் வெளியே கொடுப்பதில்லை.

நெல்லை அரிவாள் என்றாலே சினிமாவில் காட்டும் வெட்டுக்குத்துதான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருகிறது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். கதிர் அறுக்கவும், வாழைத்தார் வெட்டவும், பாளை சீவவும் வளைந்து வளைந்து உருவான கருவிகள் இவை. அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொன்னபோது, அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் அப்போதும் யாரோ ஒருவர் உலைமுன் உட்கார்ந்து இந்தச் சிவப்பைத்தானே பார்த்திருப்பார்!

சரி, பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளியமரத்தின் வைரம் பாய்ந்த உள்கட்டையை வைக்கிறேன், வாங்குகிறவர் கையைப் பிடித்துப் பார்த்த பிறகு.

தாத்தாவின் பாளை அரிவாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி விரல் அகலத்துக்குத் தேய்ந்துவிட்டது. பங்குனி பிறந்ததும் பனையேறிகள் புது அரிவாள் கேட்டு வருவார்கள். தாத்தாவின் அரிவாளைப் பலகையில் வைத்து, சாக்கட்டியால் முதுகைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த வளைவில்தான் பட்டையை வெட்டத் தொடங்குகிறேன்.