மாறுதல் உத்தரவும் வீட்டுப் பத்திரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசுப் பணியில் இருப்பவருக்கு வேறு மாநிலத்துக்கு மாறுதல் உத்தரவு வருகிறது. அப்பா கட்டிய வீட்டில் இனி யாரும் குடியிருக்கப் போவதில்லை. விற்றுவிடலாம் என்று குடும்பமும் முடிவு செய்துவிட்டது. தமிழ்நாட்டில் உள்ள அந்த வீட்டை, இந்த நெருக்கடிக்கு நடுவில் நஷ்டப்படாமல் விற்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பலரும் புதிய ஊரில் பணியில் சேரும் தேதிக்குள் கிரயத்தை முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள். நஷ்டம் தொடங்குவதே அங்கேதான். பணியேற்புக் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். 1979ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய ஊர் 1000 கிலோமீட்டருக்குள் இருந்தால் 10 நாள், அதைத் தாண்டினால் 12 நாள், 2000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 15 நாள், ஆனால் விமானத்தில் போனால் 12 நாள்தான். வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கோ வக்கீல் கருத்து, மதிப்பீடு, கடன் ஒப்புதல் என்று ஒன்றிரண்டு மாதம் சாதாரணமாகப் போய்விடும். ஆகவே பத்து நாளில் வாங்க வருபவர் கையில் ரொக்கம் வைத்திருப்பவராகத்தான் இருப்பார். உங்கள் அவசரம் தெரிந்ததும் அவர் கேட்கும் விலை இறங்கிவிடும். "சார், நீங்க கிளம்புறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்" என்று உங்களிடம் சொல்லும் தரகரே, "அவருக்கு டிரான்ஸ்ஃபர், குறைச்சே கேளுங்க" என்று அங்கேயும் சொல்லிவைப்பார். சேரும் தேதியை அவரிடம் சொல்லாதீர்கள்.

குடும்பமும் உங்களோடு அன்றைக்கே கிளம்ப வேண்டியதில்லை. மாறுதல் பயணப்படி விதிப்படி, நீங்கள் போன பிறகு ஆறு மாதத்துக்குள் குடும்பத்தினர் வந்து சேர்ந்தால் அவர்களுக்கும் பயணப்படி உண்டு. பள்ளி ஆண்டு முடியும் வரை அவர்கள் இந்த வீட்டிலேயே இருக்கலாம். ஆள் குடியிருந்து, விளக்கு எரிந்து, தண்ணீர் வரும் வீட்டைப் பார்க்க வருபவர் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பேசுவதுபோல அடிமாட்டு விலைக்குப் பேசமாட்டார்.

அதனால் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் ஊரில் இருந்தால்தான் நடக்கும் வேலைகள் ஒரு பக்கம், எங்கிருந்தும் செய்யக்கூடியவை இன்னொரு பக்கம். கிளம்புவதற்குள் முதல் வகையை மட்டும் முடித்தால் போதும்.

முதலாவது, உங்கள் அலுவலகம். 1964ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 18ஆவது விதி, அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ உரிய அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் பெயரில் இருந்தாலும் குடும்பத்தில் ஒருவர் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். வாங்குபவருக்கு உங்களோடு அலுவல் தொடர்பு இருந்தால் தெரிவிப்பது மட்டும் போதாது, முன் அனுமதியே வாங்க வேண்டும். இதற்கான படிவத்தில் சொத்தின் விவரம், விலை, வாங்குபவர் பெயர், அவர் உறவினரா, இந்த ஏற்பாடு விளம்பரம் மூலம் வந்ததா நண்பர் மூலம் வந்ததா என்பது வரை கேட்டிருப்பார்கள். மாறுதல் நேரத்தில் வரும் சிக்கல், பழைய அலுவலகம் கோப்பைப் புதிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடும், இரண்டு இடத்திலும் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள் என்பதுதான். வாங்குபவர் கிடைத்துவிட்டார் என்றால், பணிவிடுவிப்புக்கு முன்பே மனுவைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள். மாநில அரசு ஊழியர்களுக்கும் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இதற்கு விதி இருக்கிறது. வீடு கட்ட அரசு முன்பணம் வாங்கியிருந்தால் அந்த வீடு குடியரசுத் தலைவர் பெயரில் அடமானத்தில் இருக்கும். பாக்கியைத் தீர்த்து, அடமானத்தை மீட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது, வீடு யாருடையது என்ற கேள்வி. விற்பனை அதிகம் நின்றுபோவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. அப்பாவின் தாயார், அதாவது பாட்டி, அப்பா இறந்த அன்று உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாட்டி பின்னால் காலமாகியிருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அப்போது அத்தையும் சித்தப்பாவும்கூடக் கையெழுத்துப் போட வேண்டி வரலாம். திருமணமான அக்காவுக்குப் பங்கு இல்லை என்பது தவறு. சீர் செய்ததைக் காட்டிப் பங்கை மறுக்க முடியாது. மனம் ஒப்பி விட்டுக்கொடுக்கிறார் என்றால், அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். வாரிசுகளில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அது இழுக்கும், ஆகவே அதை முதல் நாளே கையில் எடுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் பங்கு விதிகள் வேறு.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்கும். அதில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் வாங்குபவரின் வக்கீல் நிறுத்திவிடுவார். சான்றிதழ் கைக்கு வந்ததும் பட்டாவை எல்லா வாரிசுகள் பெயருக்கும் மாற்றுங்கள்.

பிறகு காகிதங்கள். மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட வரைபட அனுமதி, 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். கணினிக்கு வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்து வாங்க வேண்டும்.

இவற்றை மேசையில் பரப்பி வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பத்திரத்தில் அப்பாவின் தலைப்பெழுத்து 'வே', இறப்புச் சான்றில் 'வி', பட்டாவில் தலைப்பெழுத்தே இல்லை என்று இருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் உட்பிரிவு செய்த புதிய எண். பத்திரத்தில் 2400 சதுர அடி, பட்டாவில் ஏர்ஸ் என்னும் மெட்ரிக் அளவுக் கணக்கில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொன்றும் சின்னக் குறைதான். ஆனால் வங்கி வக்கீல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் கேட்பார், ஒவ்வொரு கடிதத்துக்கும் நீங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர வேண்டியிருக்கும். கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் வாங்கி, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, சான்றிட்ட நகலும் எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக் கடனை அடைத்திருந்தால், 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5000 ரூபாய் இழப்பீடு என்றும் ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடமானப் பதிவு வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்தது என்று வங்கி அதிகாரி கையெழுத்திட்ட ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் அது தீரும்.

விலை பேசும்போது அரசின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதனால் பத்திரத்தில் குறைத்து எழுதலாம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அரசு ஊழியருக்குக் கணக்கில் வராத பணம் துறை விசாரணையையும் கூட்டிக்கொண்டு வரும்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். முன்பணம் எவ்வளவு, கெடு எத்தனை மாதம், வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, கடன் கிடைக்காவிட்டால் என்ன, வீட்டைக் காலி செய்யும் தேதி எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலி செய்யும் தேதியைக் கிரயத்துக்குப் பிறகு சில வாரம் தள்ளி எழுதிக்கொண்டால் குடும்பத்துக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

நீங்கள் போன பிறகு கையெழுத்துப் போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பவர் கொடுப்பது, அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுப்பது. வெளி மாநிலத்தில் இருப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் சார்பதிவாளர் முன்னிலையிலேயே எழுதிச் சான்று பெறலாம். பொது அதிகாரம் தராதீர்கள். இந்த ஒரு சொத்து, இந்த விலைக்குக் குறையாமல், பணம் இந்த வங்கிக் கணக்குக்கு மட்டும் என்று எழுதுங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவின்போது கேட்பார்கள். வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. எல்லா வாரிசுகளும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதம் வரை பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம், வெவ்வேறு நாளில் வந்தும் சார்பதிவாளர் முன் அவரவர் கையெழுத்தை ஒப்புக்கொள்ளலாம். முழுப் பணமும் வந்து சேரும் முன் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது மட்டும் முக்கியம்.

கடைசியாக வரி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவார். நான்கு பேர் பங்கு ஆளுக்கு 15 லட்சம்தானே என்று தப்ப முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலைதான் கணக்கு. அம்மாவுக்குப் பான் அட்டை இல்லாவிட்டாலும், இருந்தும் ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்திருந்தாலும் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வெளிநாடுவாழ் வாரிசின் பங்குக்குப் பிடித்தம் இன்னும் அதிகம். அவர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

மூலதன ஆதாய வரியை, அதாவது விற்ற லாபத்துக்கான வரியை, ஒரு கணக்கோடு சொல்கிறேன். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர் 12.5 சதவீதம் நேரடியாகவோ, பணவீக்கக் குறியீட்டின்படி அடக்க விலையை உயர்த்திக் கழித்து 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். வீடு 70 லட்சத்துக்கு விற்றது, 2001 மதிப்பு 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடிக் கணக்கில் 64 லட்சத்துக்கு வரி 8 லட்சம். 2025-26க்கான குறியீடு 376ஐ வைத்தால் அடக்கம் 22.56 லட்சமாகி, வரி சுமார் 9.49 லட்சம். இங்கே நேரடிக் கணக்கே லாபம். அதே வீட்டின் 2001 மதிப்பு 10 லட்சம் என்றால் முதல் முறையில் 7.5 லட்சம், இரண்டாவதில் 6.48 லட்சம். மேல்வரி இதற்கு மேல் தனி. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குவது ஏன் அவசியம் என்பது இதிலேயே தெரியும். மதிப்பீட்டாளர் வீட்டை நேரில் பார்க்க வேண்டும், அதனால் இதுவும் கிளம்புமுன் முடிக்கும் வேலை.

இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டினால், அதில் போட்ட ஆதாயத்துக்கு வரி இல்லை. மாறிப்போன ஊரிலேயே வாங்கலாம், இந்தியாவுக்குள் இருந்தால் போதும். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதிக்குள் வாங்கி முடிக்கவில்லை என்றால், மீதத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ வைப்புத் தொகையிலோ கிடந்தால் சலுகை போய்விடும். வீடு வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை, ஐந்து ஆண்டு முடக்கம் உள்ள அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போடலாம்.

கிரயம் முடிந்ததும் பதிவான பத்திரத்தின் நகல், பிடித்தம் செய்த வரிக்கான சான்று, பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். புதிய அலுவலகத்தில், அடுத்த ஜனவரி 31க்குள் கொடுக்க வேண்டிய அசையாச் சொத்து அறிக்கையில் இந்த வீடு ஏன் இல்லை என்பதற்கு அந்தக் கோப்பிலிருந்துதான் பதில் எழுத வேண்டும்.

நன்றி, வணக்கம்.