பெல்ஜியத்துல குடும்பத்தோட சைக்ளோகிராஸ்: இங்கிருந்து என்ன கொண்டுபோகணும், என்ன பழகணும்?

அடுத்த கேள்வி சைக்ளோகிராஸ், அதாவது புல்லுலயும் சேத்துலயும் ஓட்டுற சைக்கிள் ரேஸ் பத்தி. பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. சுருக்கமா படிச்சிடுறேன். "வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் பெல்ஜியத்துல, கெண்ட் நகரத்துல வேலை. ஆகஸ்ட்ல கிளம்புறோம். நாங்க ரெண்டு பேருமே அவலஹள்ளி பக்கம் மவுண்டன் பைக் ஓட்டுறவங்க. பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 7. அங்க போய் சைக்ளோகிராஸ் ஓட்டணும்னு ஆசை. இங்கயே ரெண்டு சைக்ளோகிராஸ் சைக்கிள் வாங்கிட்டுப் போயிடலாமா? கிளம்புறதுக்குள்ள என்ன பழகணும்? பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு ரேஸ் நாளை எப்படிச் சமாளிக்கிறது?"

வாங்காதீங்கம்மா. இருக்கிற மவுண்டன் பைக்கையே கொண்டு போங்க. உள்ளூர் அமெச்சூர் ரேஸ்ல பல இடத்துல மவுண்டன் பைக்கை விடுவாங்க. ஹேண்டில் முனையில கொம்பு மாதிரி பார் எண்டு இருந்தா மட்டும் கழட்டச் சொல்லுவாங்க. பேரு கொடுக்கறதுக்கு முன்னாடி நடத்துறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. உலக சைக்கிள் சங்கமான யூசிஐ நடத்துற சர்வதேச ரேஸ்ல டயர் அகலம் 33 எம்.எம். தாண்டக் கூடாது, அது உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லாத சட்டம். ஒரு சீசன் ஓட்டிப் பாருங்க. ஆசை நிலைச்சுதுன்னா பிப்ரவரி, மார்ச்ல அங்கயே செகண்ட் ஹேண்ட் தேடுங்க. சீசன் செப்டம்பர்ல தொடங்கி பிப்ரவரியோட முடியுது, அப்பதான் ஆளுங்க சைக்கிளைக் கைமாத்துவாங்க. பிள்ளைங்க சைக்கிளை இங்கிருந்து தூக்கிட்டே போகாதீங்க. 7 வயசுப் பொண்ணுக்கு இப்ப 20 இஞ்ச் சக்கரம், ஒன்றரை வருஷத்துல 24 ஆயிடும். பெட்டிக் கூலிக்கே கட்டாது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். சைக்ளோகிராஸ்னா சின்ன வட்டம், புல்லு, சேறு, மணல், கொஞ்சம் படிக்கட்டு. பெரிய ரேஸ்ல ஒரு சுத்து 2.5-ல இருந்து 3.5 கிலோமீட்டர். சைக்கிளை விட்டு இறங்கித் தாண்டற மாதிரி பலகை வச்சிருப்பாங்க, அதிகபட்சம் 40 சென்டிமீட்டர் உயரம். இதுல உங்க சஸ்பென்ஷனோ கார்பன் ஃபிரேமோ பெருசா ஒண்ணும் பண்ணாது. டயர்ல எவ்வளவு காத்து இருக்குங்கிறதுதான் பாதி ரேஸ். இதுலதான் நம்ம ஊர்க்காரங்க எல்லாருமே கோட்டை விடுறாங்க. சைக்கிள் கடையில விட்டா 40, 50 பி.எஸ்.ஐ.ன்னு (காத்தழுத்த அளவு) அடிச்சுக் கல்லு மாதிரி கொடுத்துடுவாங்க. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிறது அதிகபட்ச அளவு, அவ்வளவு அடிக்கணும்னு அர்த்தம் கிடையாது.

ஒரு கணக்கு சொல்றேன். ஓட்டுறவர் 65 கிலோ, டயர் 29-க்கு 2.3 (சக்கரம் 29 இஞ்ச், டயர் அகலம் 2.3 இஞ்ச்), ட்யூப்லெஸ். காஞ்ச புல்லுக்கு 22, 23 பி.எஸ்.ஐ. போதும். சேறுன்னா 18, 19. பின்னாடி ஒண்ணு ரெண்டு கூட. நாளைக்கு 33 எம்.எம். டயர் வாங்கினா அதுல காஞ்ச புல்லுக்கு 26, சேத்துக்கு 21, 22. உள்ள ட்யூப் போட்டிருந்தா இதையெல்லாம் விட 6, 8 கூட வைக்கணும். ஏன்னா காத்து கம்மியா இருக்கும்போது வேர்லயோ கல்லுலயோ மோதினா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கும். பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ரெண்டு ஓட்டை பார்த்தா முள்ளைத் தேடாதீங்க, காத்து பத்தலைன்னு அர்த்தம். 25 கிலோ குழந்தைக்கு, 20-க்கு 2.0 டயர்ல 15-ல இருந்து 18 தாராளம். அந்தக் குழந்தைக்கு 40 அடிச்சுக் கொடுத்தா சைக்கிள் பந்து மாதிரி துள்ளும், வளைவுல பிடியே இருக்காது. பிள்ளைக்குப் பயமா இருக்குன்னு நீங்க நினைப்பீங்க, தப்பு டயர் மேல.

கால் பம்ப்ல இருக்கிற மீட்டரை நம்பாதீங்க. 160 வரைக்கும் எண் போட்ட மீட்டர்ல 20-க்கும் 25-க்கும் முள்ளு அசையறதே கண்ணுக்குத் தெரியாது. குறைஞ்ச அழுத்தத்துக்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிடுங்க. புதுச் சைக்கிளுக்குக் கொடுக்கற காசுல இது ரொம்பச் சின்னப் பங்குதான். இன்னொண்ணு, பெங்களூர்ல இருக்கிறவங்களுக்கு இது தோணவே தோணாது. வீட்டுக்குள்ள 20 டிகிரியில 25 பி.எஸ்.ஐ. அடிச்சுட்டு, வெளிய 5 டிகிரியில போய் நின்னா தானாவே 23-க்கு இறங்கிடும். ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல, காத்து குளிர்ந்து சுருங்குது, அவ்வளவுதான். அதனால மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் கழிச்சுத்தான் அளக்கணும்.

ட்யூப்லெஸ் பால், அந்த சீலன்ட், நம்ம ஊர்ல நெருஞ்சி முள்ளுக்காக ஊத்துறோம். மவுண்டன் பைக் டயருக்கு ஒரு 100 மில்லி. இங்க இருக்கிற வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு ரப்பர் தோலு மாதிரி ஆயிடும், அங்க இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். கிளம்புறதுக்கு முன்னாடி டயரைக் கழட்டிப் பழைய தோலை உரிச்சு எடுத்துடுங்க. புதுசா அங்க போய் ஊத்திக்கலாம்.

சைக்கிளைப் பெட்டியில போடும்போது மூணு இடம் உடையும். பின்னாடி கியர் மாத்துற டீரெய்லர், அது தொங்குற ஹேங்கர், அப்புறம் ஹைட்ராலிக் பிரேக். டீரெய்லரை ஹேங்கர்ல இருந்து கழட்டி, துணியில சுத்தி, செயினோட உள்பக்கமா கட்டி விடுங்க. உங்க மாடலுக்கான ஹேங்கர் ஒண்ணு உபரியா இங்கயே வாங்கிடுங்க, அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், அங்க போய்த் தேடினா வாரக்கணக்கா ஆகலாம். சக்கரத்தைக் கழட்டினதும் பிரேக் பேடு நடுவுல ஒரு அட்டையை நாலா மடிச்சுச் சொருகிடணும். டிஸ்க் இல்லாம யாராவது லீவரை அமுக்கிட்டா பிஸ்டன் வெளிய வந்துடும், அப்புறம் சக்கரம் உள்ளயே போகாது. இடது பெடல் மரை தலைகீழ், வலப்பக்கமா திருப்பினாத்தான் கழறும். சீட் போஸ்ட்ல உயரத்துக்கு ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கிட்டா அங்க போய் அளக்க வேண்டாம்.

பிரேக் பத்தி ஒண்ணு கவனிங்க. நம்ம ஊர் மோட்டார் பைக் மாதிரி வலது கை லீவர் முன் சக்கரத்துக்குப் போயிருந்தா, அதை மாத்தாதீங்க. ஐரோப்பாவுல வாங்குற சைக்கிள்ல பெரும்பாலும் இடது கை லீவர்தான் முன் பிரேக். சைக்ளோகிராஸ்ல இறங்கும்போது வலது கையை ஹேண்டில்ல இருந்து எடுத்து ஃபிரேம் மேல் குழாயைப் பிடிப்பீங்க. அந்த ஒரு நொடி இடது கை மட்டும்தான் பிரேக்குக்கு. அது முன் பிரேக்கா இருந்து, பழக்கத்துல ஓங்கி அமுக்கினீங்கன்னா சைக்கிள் மூக்குக் குத்தும். பிள்ளைங்களுக்கு அங்க வாங்கினா மொதல் நாளே எந்தக் கை எதுக்குன்னு பாருங்க. பெங்களூர்ல ஒரு மாதிரி, அங்க ஒரு மாதிரின்னு இருந்தா சேத்துல விழுறது அவங்கதான்.

இங்கயே பழக வேண்டியது இந்த இறங்கி ஏறுறதுதான். அபார்ட்மென்ட் புல்தரை போதும். அரை இஞ்ச் பி.வி.சி. பைப் ரெண்டு துண்டு, கொஞ்சம் செங்கல். மூணு செங்கல் படுக்க வச்சு அடுக்கினா 22 சென்டிமீட்டர் வரும், அதுல தொடங்குங்க. அஞ்சு அடுக்கினா 37. பைப்பைக் கட்டாம சும்மா மேல வையுங்க, கால் தட்டினா உருண்டு விழணும். ரெண்டுக்கும் நடுவுல 4 மீட்டர் விடுங்க. வேகமா வந்து, பைப்புக்கு ரெண்டு சைக்கிள் நீளம் முன்னாடியே வலது காலை சீட்டுக்குப் பின்னாடி சுத்தி இடப்பக்கம் கொண்டு வரணும். இடது கால் மட்டும் பெடல்ல நிக்கும். பெடல்ல மாட்டிக்கிற கிளிப் ஷூன்னா வலது காலைச் சுத்தறதுக்கு முன்னாடியே இடது குதிகாலைத் திருப்பிக் கழட்டிட்டு, சும்மா பெடல் மேல வச்சிருங்க. கடைசி நேரத்துல கழட்டலாம்னு நினைச்சா மாட்டிக்கும், அப்படியே தரைக்குப் போக வேண்டியதுதான். வலது கால் தரையைத் தொட்டதும் நடக்கற மாதிரி ஓடுங்க, சைக்கிளைத் தூக்குங்க. திரும்ப ஏறும்போது குதிச்சு சீட் மேல உக்காரக் கூடாது. வலது தொடையோட உள்பக்கம் சீட் மேல வழுக்கிட்டு வரணும். முழு சஸ்பென்ஷன் சைக்கிள்ல ஃபிரேம் முக்கோணத்துக்குள்ள தோள் நுழையாது, அதுக்குத் தோள்ல போடப் பழகி நேரத்தை வீணாக்காதீங்க, கையால தூக்கினா போதும். பொண்ணுக்கு இதெல்லாம் வேண்டாம். பிரேக் போட்டு நின்னு, இறங்கி, ஒரு கை ஹேண்டில் ஒரு கை சீட்டுன்னு தூக்கி வைக்கட்டும்.

சேறு பழகணும்னா ஜூன், ஜூலை மழையே போதும். ஆனா நம்ம செம்மண் வேற ரகம். ராகிக் களி உருண்டை மாதிரி டயர்ல உருண்டு, ஃபோர்க்ல அடைச்சு, சக்கரமே நின்னுடும். அங்க புல்லுக்கு அடியில இருக்கிறது வழுக்கல். செம்மண்ல டயர் அகலம் குறைச்சா நல்லது, சேறு வழிய இடம் கிடைக்கும். வழுக்கல்ல காத்தைக் குறைக்கணும். இங்க வனத்துறை இடங்களுக்குள்ள போகறதுக்கு முன்னாடி அனுமதி நிலவரம் பாத்துக்குங்க, மழைக்காலத்துல தடத்தைக் கெடுக்கிறோம்னு திட்டு வாங்குறதும் நியாயம்தான்.

ரேஸ் நாளுக்கு வருவோம். ஒரே விதி: அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒரே நேரத்து ரேஸ்ல பேர் கொடுக்காதீங்க. ஒருத்தர் ஓடும்போது இன்னொருத்தர் பிள்ளைங்களோடயும், சக்கரத்தோட பிட்லயும். பிட்ங்கிறது சைக்கிள் மாத்துற இடம். பஞ்சர் ஆனா அங்கதான் மாத்தணும். நடுவழியில யாராவது கொண்டு வந்து கொடுத்தா தகுதி போயிடும். பிள்ளைங்க ரேஸ் பெரும்பாலும் காலையில இருக்கும், ஒன்றரை மணி நேரம் முன்னாடி போயிடுங்க. நம்பர் வாங்க, பின் குத்த, ஒரு சுத்து மெதுவா ஓட்டிப் பாக்கன்னு அதுவே ஓடிடும். லைசென்ஸ்ங்கிறது முக்கியமா இன்ஷூரன்ஸ்தான். முழு வருஷத்துக்கு எடுக்கணுமா, அன்னைக்கு மட்டும் எடுக்கலாமான்னு கிளப்ல கேளுங்க. வயசுக் கணக்கு ஒண்ணு குழப்பும். சைக்ளோகிராஸ் சீசன் ரெண்டு வருஷத்துல விழுறதால, யூசிஐ முறையில அடுத்த வருஷத்து வயசைத்தான் எடுப்பாங்க. 2015-ல பிறந்த பையன் 2026 அக்டோபர்ல ஓடினா 12-ன்னு கணக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு நாட்டுக்கு நாடு வேற மாதிரியும் இருக்கும், ஃபார்ம்ல பிறந்த வருஷத்தைப் பாத்து நிரப்புங்க.

ரேஸ்னாலே தயங்குற வாரத்துல டூர்டொக்ட் போங்க, அது போட்டி இல்லாத சைக்கிள் பயணம். அம்புக்குறி போட்ட வழி, 20, 35, 50 கிலோமீட்டர்னு நீங்களே தூரம் தேர்ந்தெடுக்கலாம், யாரும் நேரம் பிடிக்க மாட்டாங்க. காட்டுக்குள்ள நிரந்தர வழிகளும் உண்டு. முக்கோணமும் அதோட ரெண்டு வட்டமும் போட்ட சின்னப் பலகை பாத்தா மவுண்டன் பைக் வழின்னு புரிஞ்சுக்குங்க. நவம்பர் 1-ஆம் தேதி கொப்பன்பெர்க் மேட்டுல நடக்கிற ரேஸைப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க, கெண்ட்ல இருந்து கிட்டதான். எங்க இறங்குறாங்க, எந்தக் காலை முதல்ல வைக்கிறாங்கன்னு ஒரே வளைவுல நின்னு பாத்தாலே பாதிப் பாடம்.

குளிருதான் பிள்ளைங்களை விரட்டும். ஸ்டார்ட் லைன்ல 15, 20 நிமிஷம் நிக்க வைப்பாங்க. மேல போட்ட ஜாக்கெட்டைக் கடைசி ரெண்டு நிமிஷத்துலதான் கழட்டணும். கையுறை ரெண்டு ஜோடி, ஒண்ணு நனைஞ்சுடும். முடிச்சதும் பத்து நிமிஷத்துக்குள்ள ஈரத் துணியை மாத்திடணும், முதல்ல மாத்த வேண்டியது பனியன், அப்புறம் சாக்ஸ். பிளாஸ்க்ல சுக்கு மல்லி காப்பியோ ரசமோ எடுத்துட்டுப் போங்க, அங்க விக்கிற சூப்பைப் பொண்ணு குடிப்பான்னு நம்பாதீங்க. சாப்பாடு ரேஸுக்கு மூணு மணி நேரம் முன்னாடி. இட்லி தாராளமா சாப்பிடலாம், பொடிக்கு எண்ணெயை மட்டும் கம்மி பண்ணுங்க.

சேத்தோட சைக்கிளைக் கார்ல ஏத்துறதுக்கு ஒரு தார்ப்பாய், செடிக்கு மருந்தடிக்கிற கை பம்ப் ஸ்ப்ரேயர் 8 லிட்டர், ஒரு பிரஷ். ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு இது இல்லாம கதை நடக்காது. பெரிய பிரஷர் வாஷர் கிடைச்சா ஹப்பு, பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற அச்சு இருக்கிற இடம்), ஃபோர்க் சீல் பக்கம் காட்டாதீங்க, தண்ணி உள்ள போய் கிரீஸைக் கழுவிடும். துடைச்சுட்டு, செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய் விடுங்க. பிரேக் பேடை மறக்காம பாருங்க. மணல் கலந்த ஈரத்துல ரெசின் பேடு ஒரே ரேஸ்ல தீந்துடும். சின்டர்டு உலோகப் பேடு போடுங்க, ஆனா உங்க டிஸ்க்ல 'ரெசின் மட்டும்'னு எழுதியிருந்தா போடக் கூடாது, டிஸ்க்கே தேஞ்சுடும்.

கடைசியா ஒரு வரி கேட்டிருக்காங்க, 7 வயசுப் பொண்ணை ரேஸ்ல விடலாமான்னு. அந்த வயசுக்குப் பிரிவு இருந்தா விடலாம். அதுக்கு முன்னாடி அவ விரலு பிரேக் லீவருக்கு எட்டுதான்னு பாருங்க. ஆள்காட்டி விரலோட முதல் மடிப்பு லீவர் மேல உக்காரணும். எட்டலைன்னா லீவர்ல சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், 2 அல்லது 2.5 எம்.எம். ஆலன் கீயால உள்ள திருப்பினா லீவர் கைக்குக் கிட்ட வரும். திருப்பினப்புறம் கேபிளையும் கொஞ்சம் இழுத்து விடுங்க, இல்லைன்னா லீவர் ஹேண்டில்ல வந்து முட்டும், பிரேக் பிடிக்காது. சரி, அடுத்து ஜெயநகர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்.