தாய் நிறுவனத்தின் கை எதுவரை நீளலாம்?

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். பினாங்கில் நிறுவனச் செயலாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வரும் நம்மவர் குடும்பத் தொழில்களில் பல இன்று ஒரே கம்பெனியாக இல்லை. கடைக்கு ஒன்று, லாரிகளுக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று கிளைத்து, அவற்றின் பங்குகளை வைத்திருக்கும் தாய் நிறுவனம் ஒன்று மேலே இருக்கிறது. அந்தத் தாய் நிறுவனம் துணை நிறுவனங்களை எதில் தாங்க வேண்டும், எதில் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தூரத்தில் இருந்தபடி தொழிலை ஆள்வது நமக்குப் புதிதன்று. ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதியில் கிட்டங்கிகள் எனப்பட்ட செட்டியார்களின் வட்டிக்கடைகள் செழித்திருந்த காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜெண்டாக வரும் மேலாள், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில், அடுத்தாளையும் பெட்டியடிப் பையனையும் துணைக்கு வைத்துக்கொண்டு இங்கே தொழிலை நடத்துவார். யாருக்குக் கடன் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று அன்றாடம் முடிவு செய்தவர் மேலாள். முதலைப் போடுவதும், ஆளை அமர்த்துவதும், ஊருக்கு வந்து சேரும் ஐந்தொகை என்ற கணக்கறிக்கையை வரி வரியாகப் படிப்பதும் முதலாளியின் வேலை. கப்பலில் கடிதம் போய்வர வாரக்கணக்கான காலத்தில் அதற்கு மேல் தலையிட வழியில்லை. ஆனால், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட முடிகிற இந்தக் காலத்திலும், அந்தப் பங்கீடே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. மேலாள் முதலாளியின் கையாள். அவர் பட்ட நட்டம் முதலாளியின் நட்டம். துணை நிறுவனமோ சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 1897இல் இலண்டனில், காலணி செய்த சாலமன் என்பவரின் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை நிலைநிறுத்தியது. அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளுமே பங்குதாரர்களாக இருந்தும், கம்பெனி வேறு, சாலமன் வேறு, கம்பெனியின் கடன் அவருடைய கடன் அன்று என்பதே தீர்ப்பு. நமது மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றின் இயக்குநர் வாரியத்தை யார் யார் அலங்கரிப்பது என்று தீர்மானிக்க முடிந்தாலோ, பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமையை ஆண்டாலோ, பாதிக்கு மேற்பட்ட சாதாரணப் பங்குகளை வைத்திருந்தாலோ, பின்னது முன்னதன் துணை நிறுவனம் ஆகிவிடும். அப்படி ஆன பிறகும், தாய் நிறுவனம் அமர்த்திய இயக்குநர் தாம் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தின் நலனையே முதலில் பார்க்க வேண்டும் என்றும், தம்மை அனுப்பியவரின் நலனுக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. "பெரியண்ணன் சொன்னார், கையெழுத்துப் போட்டேன்" என்பது அங்கே செல்லுபடியாகாது.

செபராங் பிறையில் மசாலைத்தூள் அரைக்கும் ஒரு குடும்பத்தை நான் அறிவேன். ஆலை ஒரு கம்பெனி, கடை ஒரு கம்பெனி, லாரிகள் ஒரு கம்பெனி. மேலே தாய் நிறுவனம். கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பில் குத்தும் கம்பி ஒன்று இருக்கும். லாரிக்கு டீசல் தேவைப்பட்டால் கல்லாவிலிருந்து பணம் எடுத்து, "லாரி, 800" என்று பென்சிலில் எழுதிக் கம்பியில் குத்திவிடுவார்கள். ஆண்டு முடிவில் அந்தச் சீட்டுகளைக் கூட்டியபோது எண்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வந்தது. அது கடனா, உதவியா, முதலீடா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆலை விரிவாக்கத்துக்கு வங்கியை நாடியபோது, அந்த ஒரு தொகையே குறுக்கே நின்றது.

தாய் நிறுவனம் கைகொடுப்பதில் தவறே இல்லை. கைகொடுக்கத்தான் அது இருக்கிறது. கணக்கு எழுதுவது, ஆள் எடுப்பது, காப்புறுதி, மொத்தக் கொள்முதல் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துச் செய்தால் ஒவ்வொரு கிளைக்கும் செலவு குறையும். ஆனால் அந்தச் சேவைக்கு விலை வேண்டும். அந்நியர் ஒருவருக்கு அதே வேலையைச் செய்தால் என்ன வாங்குவோமோ அந்த விலையில் பேச வேண்டும் என்பதே வருமான வரிச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. அதைவிடக் கவனம் தேவைப்படுவது உத்தரவாதம். துணை நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குத் தாய் நிறுவனம் உத்தரவாதக் கையெழுத்துப் போடும் அந்த நொடியில், தனி ஆள் என்று சட்டம் எழுப்பிக் கொடுத்த சுவரில் நாமே வாசல் திறந்து விடுகிறோம். திறக்க வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் எத்தனை ரிங்கிட் வரை, எத்தனை ஆண்டு வரை என்று அளந்து திறக்க வேண்டும்.

மூலதனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட் வருமானத்துக்கு 15 விழுக்காடு என்ற சலுகை வரி உண்டு. கௌரவத்துக்காகத் தாய் நிறுவனத்தின் செலுத்திய மூலதனத்தை, அதாவது பங்குகளுக்காக உள்ளே வந்த பணத்தை, 25 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் உயர்த்தினால், அதன் துணை நிறுவனங்கள் அந்தச் சலுகையை இழக்க நேரிடும். மேலே எடுக்கும் ஒரு முடிவு கீழே இப்படித்தான் போய் விழுகிறது.

பெரிய குழுமங்களும், எதைச் சேர்த்து வைப்பது, எதைத் தனியே விடுவது என்ற அளவைத் தேடித்தான் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. தோட்டத் தொழிலில் இருந்த சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய குழுமங்கள் 2007இல் ஒரே குடைக்குள் வந்தன. பத்தே ஆண்டுகளில், 2017 நவம்பரில், தோட்டமும் சொத்துடைமையும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்து பங்குச் சந்தைக்கு வந்தன.

செபராங் பிறைக் குடும்பத்துக்கு வருகிறேன். கடைக்கு லாரி கம்பெனி தர வேண்டிய தொகையைக் கடன் ஒப்பந்தமாக எழுதி, வட்டியும் தவணையும் குறித்தோம். இரு வாரியங்களும் தனித்தனியே கூடித் தீர்மானம் போட்டன. அண்ணன்தம்பிகளுக்கு முதல் கூட்டத்தில் சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டில் பேசி முடிக்கிற விஷயத்துக்குக் காகிதம் எதற்கு என்று மூத்தவர் கேட்டார். இப்போது தவணை மாதந்தோறும் வங்கி வழியாகச் செல்கிறது. சென்ற மாதம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே கம்பி இருந்தது. அதில் கடையின் பில்கள் மட்டுமே இருந்தன.