விட்டுப்போன இரண்டு எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் என்றதும் குளியலறைக் கத்தியும் பறவைக் கூட்டமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவர் 1956-இல் எடுத்த ‘தி ராங் மேன்’ படம். கொலையும் இல்லை, துரத்தலும் இல்லை. வழக்கமாகத் தன் படங்களில் எங்காவது ஒரு மூலையில் தலைகாட்டிவிட்டுப் போகிற மனிதர், இதில் தொடக்கத்திலேயே தூரத்து நிழலாக நின்று, இது நிஜமாக நடந்த கதை என்று சொல்லிவிடுகிறார்.

நியூயார்க்கில் ஸ்டார்க் கிளப் என்ற ஆடம்பர விடுதியில் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவி வாசிக்கிறவர் மேனி. நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. மனைவி ரோஸுக்கு ஞானப்பல் எடுக்க 300 டாலர் வேண்டும். அவள் பேரில் உள்ள இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் கேட்கப் போகிறார். கோட்டுக்குள் கைவிட்டுப் பாலிசியை எடுக்கிறார், அவ்வளவுதான். கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு முன்பு அங்கே வந்த கொள்ளைக்காரனின் ஞாபகம் வந்துவிடுகிறது. அன்று மாலை வீட்டு வாசலில், கதவைத் திறக்கும் முன்பே போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறது.

அடி உதை கிடையாது. குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று தன்மையாகத்தான் பேசுகிறார்கள். கொள்ளை நடந்த கடைகளுக்குள் அவரை அனுப்பி, கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பி வரச் சொல்கிறார்கள். ஒன்றும் வாங்காமல், ஒன்றும் பேசாமல் அப்படி நடந்தால் யார்தான் திருடன் மாதிரி தெரிய மாட்டார்?

அப்புறம் அந்த மேஜைக் காட்சி. கொள்ளைக்காரன் நீட்டிய மிரட்டல் சீட்டில் இருந்ததைப் போலீஸ் வாசிக்க வாசிக்க, மேனி எழுதுகிறார். ஒரு தடவை போதாது என்று மறுபடியும். அசல் சீட்டில் ‘டிராயர்’ (drawer, அதாவது இழுப்பறை) என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மேனியும் அதே இடத்தில் அதே இரண்டு எழுத்தை விட்டுவிடுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பேனா நகரும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வழக்கு என்ன ஆயிற்று? ஜூரி ஒருவர் பொறுமையிழந்து எழுந்து பேசியதால் விசாரணையே செல்லாமல் போகிறது. மறு விசாரணைக்கு முன், நிஜத் திருடன் ஒரு மளிகைக் கடையில் மாட்டிக்கொள்கிறான். சரி, சுபம் என்று எழுந்துவிட முடியாது. இதற்குள் ரோஸின் மனம் உடைந்துவிட்டது. தன் பல்லால் வந்த வினை என்று அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். ஒரு ராத்திரி தலை சீவும் பிரஷ்ஷால் மேனியை அடிக்கிறாள். கண்ணாடி உடைந்து, அவர் முகம் அதில் இரண்டாகத் தெரிகிறது. ரோஸாக வரும் வெரா மைல்ஸின் நடிப்புக்காகவே படத்தை ஒருமுறை பார்க்கலாம்.

விடுதலைச் செய்தியோடு மேனி மனநலக் காப்பகத்துக்கு ஓடுகிறார். உங்களுக்கு நல்லதுதான் என்கிறாள் ரோஸ். குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு வருடத்தில் அவள் குணமாகிவிட்டாள் என்று கடைசியில் எழுத்துப் போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் காப்பகத்து அறையைத் தாண்டி வர மனம் ஒப்பவில்லை.