ஜெர்மனியில் முதல் சில மாதங்கள்: தபால்பெட்டியில் யார் பெயர்?

(காட்சி: அடுக்குமாடிக் கட்டடத்தின் நுழைவாயில். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு தபால்பெட்டிகள். ஒன்றில் மட்டும் பெயர்ச்சீட்டு இல்லை.)

இந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிலும் வீட்டு எண் கிடையாது, பெயர்தான் இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் முகவரி என்றால் தெரு, கட்டட எண், குடியிருப்பவரின் குடும்பப் பெயர், அவ்வளவுதான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் மாடியேறி வந்து விசாரிக்க மாட்டார். கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

இது எனக்குத் தெரியாது. வந்த புதிதில் ஓர் அறையில் உள்வாடகைக்கு இருந்தேன். பெட்டியில் முன்பு இருந்தவரின் பெயர் ஒட்டியிருந்தது; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் முதல் சம்பளச்சீட்டு வந்தது. நான் போட்டு வைத்திருந்த கணக்குக்கும் அதிலிருந்த தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஓரத்தில் 'வரிப்பிரிவு' என்ற கட்டத்தில் 6 என்று அச்சாகியிருந்தது.

தனியாக இருப்பவருக்கு வழக்கமாக 1 என்று வரவேண்டும். 6 என்பது இரண்டாவது வேலைக்கான பிரிவு. வரி மிக அதிகம். உங்கள் வரி அடையாள எண் கம்பெனிக்குக் கிடைக்காவிட்டாலும் இதே பிரிவில்தான் பிடிப்பார்கள். என் எண் வந்துதான் இருக்கிறது, கடிதமாக, என் பெயரில்லாத பெட்டிக்கு! பிறகு வரி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தை ஓட்ட நண்பரிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அதனால் இந்த வீடியோவில் வேலை தேடுவதைப் பற்றிப் பேசினாலும், முகவரியையும் விடாமல் கூடவே இழுத்துக்கொண்டு வருவேன். இங்கே இரண்டும் ஒரே முடிச்சு.

(திரையில்: விமானம் ஏறும் முன்)

முதலில் உங்கள் பட்டம். 'அனபின்' என்று ஜெர்மன் அரசின் இணையத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தை அதில் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'ஹெச் பிளஸ்' (அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் என்று பொருள்) என்று இருந்து, உங்கள் பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று குறித்திருந்தால், அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால், 'சாப்' என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். மருத்துவர், நர்ஸ் போன்ற வேலைகளுக்கு இது போதாது. அங்கே தனி அங்கீகாரம், தனி மொழித்தேர்வு எல்லாம் உண்டு. அது வேறு கதை.

கையில் வேலை இல்லாமலே வந்து தேடுவதற்கு 2024 ஜூன் 1 முதல் ஒரு வழி திறந்திருக்கிறது: 'சான்சன்கார்ட்டே', அதாவது வாய்ப்பு அட்டை. ஓராண்டு வரை தங்கி வேலை தேடலாம். பலரும் இதைப் புள்ளிக்கணக்காக மட்டுமே பார்க்கிறார்கள். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று ஆகிவிட்டால் புள்ளியே எண்ண வேண்டாம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் குறைந்தது 6 புள்ளி வேண்டும். அதற்கும் முன்னால் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 கட்டாயம். இவை மொழித்திறன் நிலைகள்: ஏ1 தொடக்கம், பிறகு ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 32, அதற்கு 2 புள்ளி. கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு, படிப்புக்குப் பொருந்திய வேலை அனுபவம், 2 புள்ளி. ஆங்கிலம் சி1, 1 புள்ளி. ஆக 5. இன்னும் ஒன்று குறைகிறது. ஜெர்மன் ஏ2 முடித்திருந்தால் அந்த ஒன்று கிடைத்துவிடும். பி1 என்றால் 2, பி2 என்றால் 3.

பணமும் காட்ட வேண்டும். 2025 கணக்கின்படி மாதம் 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092. இதை முடக்கக் கணக்கில் போட்டு வைப்பார்கள். மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடியும். வந்த பிறகு வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்ய அனுமதி உண்டு. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் குறைவாகக் கையில் கொடுக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முடிந்தவரை வேலையை உறுதி செய்துகொண்டு வருவதுதான் நல்லது. ஓராண்டு என்பது கேட்கும்போது நீளமாகத் தெரியும். வீடு தேட, பதிவு செய்ய, விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருக்க என்று பாதி ஆண்டு கரைந்துவிடும். இருந்தாலும் நேரில் வந்து தேடுவதில் ஒரு பலன் இருக்கிறது: ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை பார்க்க இந்த அட்டை இடம் தருகிறது. ஆளை நேரில் பார்த்த பிறகு முடிவெடுப்பது முதலாளிக்கும் சுலபம்.

(காட்சி: மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று நான்கு வரிச் சான்றிதழ். மற்றொன்று இரண்டு பக்கக் கடிதம்.)

இப்போது விண்ணப்பம். சுயவிவரம் இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். மாதமும் ஆண்டும் தெளிவாக இருக்கட்டும். நடுவில் எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் அதை மறைக்காதீர்கள், ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இங்கே இடைவெளியைப் பார்த்ததும் கட்டாயம் கேட்பார்கள். புகைப்படம் ஒட்டுவது பழைய வழக்கம், கட்டாயம் இல்லை.

இதைவிட முக்கியமானது மேசைமேல் இருக்கும் இந்த இரண்டு தாள். இடதுபக்கம் இருப்பது நம்மிடம் வழக்கமாக இருக்கும் அனுபவச் சான்றிதழ்: இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தார், வாழ்த்துகள். வலதுபக்கம் இருப்பது 'அர்பைட்ஸ்சொய்க்னிஸ்', ஜெர்மன் பாணி வேலைச்சான்று. என்னென்ன பொறுப்பு, எத்தனை பேர் குழு, எப்படி வேலை செய்தார் என்று விரிவாக இருக்கும். வேலையை விடும் ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்டு வாங்கச் சட்டப்படி உரிமை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சான்று பணியாளர் மேல் நல்லெண்ணத்தோடு எழுதப்பட வேண்டும் என்பது விதி. யாரையும் நேரடியாகக் குறை சொல்ல முடியாது. அதனால் பாராட்டுக்குள்ளேயே மதிப்பெண்ணை ஒளித்து வைக்கிறார்கள். 'எப்போதும் எங்களுக்கு முழுமுழுத் திருப்தி' என்று இருந்தால் முதல் தரம். அதே வாக்கியத்தில் 'எப்போதும்' காணாமல் போய் வெறும் 'முழுத் திருப்தி' என்று நின்றால் நடுத்தரம். 'எங்களுக்குத் திருப்தி' என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒப்பேற்றினார் என்று அர்த்தம். 'முயற்சி செய்தார்' என்று எழுதியிருந்தால், ஐயா, அது திட்டு! படிக்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது பாருங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? இப்போது இருக்கும் வேலையை விடும் முன்பே மேலாளரிடம் விரிவான கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன செய்தீர்கள், எந்த மென்பொருள், எந்த இயந்திரம், என்ன பொறுப்பு, எல்லாம் அதில் வரட்டும். வேலையை விட்டுவிட்டுப் பிறகு வெளிநாட்டிலிருந்து கேட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சம்பளப் பேச்சு இங்கே ஆண்டுக் கணக்கில், பிடித்தத்துக்கு முந்தைய தொகையில் நடக்கும். 'புருட்டோ' என்பார்கள். கைக்கு வருவது 'நெட்டோ'. தனியாளாக ஆண்டுக்கு 50,000 யூரோ வாங்கினால், வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே கழிந்துவிடும். புருட்டோவை அப்படியே ரூபாயில் பெருக்கி வீட்டில் சொல்லிவிட்டால், பிறகு ஒவ்வொரு மாதமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீல அட்டை, அதாவது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி, வாங்க நினைப்பவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு கீழ்வரம்பு உண்டு. 2025-ல் ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. 2026-ல் 50,700 ஆகிவிட்டது. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்கும் இது குறைவு. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த எண் மாறும் என்பதால், பழைய வீடியோவைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வீடியோவும் ஒருநாள் பழையதாகிவிடும்.

(காட்சி: காலி வீடு. சமையலறைச் சுவரில் தண்ணீர்க்குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கூரையில் விளக்கு இல்லை, ஒயர் தொங்குகிறது.)

சரி, வேலை கிடைத்தது, வந்து இறங்கியாயிற்று. இது திருட்டு நடந்த வீடு இல்லை. வாடகைக்கு விடப்படும் சாதாரண வீடுதான். பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி, சில சமயம் பல்பு வரை முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அதனால் முதல் சில மாதங்களுக்குத் தளவாடங்களோடு ஓர் அறை போதும்.

விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருப்பது வெறும் வாடகை. 'வார்ம்' என்பது வெப்பமூட்டும் செலவும் தண்ணீரும் பராமரிப்பும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதிலும் சேராது. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட் வாடகை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம் என்று யாராவது சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். இதில் ஏமாந்த படித்தவர்கள் ஏராளம்.

அறையைப் பார்க்கப் போனதும் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?" இதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். குடியேறிய 14 நாளுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். "அறை மலிவு, ஆனால் பதிவு வேண்டாம்" என்பவரின் அறை உண்மையில் மலிவு இல்லை. பதிவு இல்லாமல் வரி எண் வராது, விசா நீட்டிப்பு சிக்கலாகும், சில வங்கிகள் கணக்குத் திறக்காது. பெர்லின் மாதிரி நகரங்களில் நேரம் ஒதுக்கி வாங்குவதே பெரும்பாடு. ஆனால் அங்கே எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். காலையில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் யாராவது ரத்து செய்த நேரம் சிக்கும்.

அப்புறம், வேலை ஒப்பந்தத்தில் 'ப்ரோபெட்சைட்' என்ற சொல்லைத் தேடுங்கள். சோதனைக் காலம், அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார முன்னறிவிப்போடு விலகலாம். அதனால் அந்த ஆறு மாதத்தில் கார் கடன், பெரிய வீடு எல்லாம் வேண்டாம். வேலை போய்விட்டால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பயந்துகொண்டு சொல்லாமல் இருப்பவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

(காட்சி: மீண்டும் தபால்பெட்டிகள். ஒரு கை வெள்ளைத் தாளில் பெயர் எழுதிக் கத்தரிக்கிறது.)

பதிவு முடிந்து சில வாரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கும். 11 இலக்க வரி எண் ஒன்றில் வரும். உயிருள்ளவரை அதே எண்தான். இன்னொன்று ஒளிபரப்புக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவியே இல்லையே என்று பதில் எழுதிப் பயனில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் பகிர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், யார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தச் சீட்டில் என்ன எழுதுவது? நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஒவ்வொரு அலுவலகமும் அந்தக் காலியிடத்தைத் தன் விருப்பப்படி நிரப்பும். வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, பட்டம், சான்று, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் போட்டிருப்போம். உங்கள் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்றால், அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில் எல்லோரும் "ஹெர் முருகேசன்", அதாவது திரு. முருகேசன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சில வாரம் நீங்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டீர்கள். பெட்டியிலும் அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் எழுதி, மழை படாமல் மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

(காட்சி: சீட்டு ஒட்டப்படுகிறது. பெட்டி மூடுகிறது.)