ஏரைப் பிடித்த கை யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சீனத்து மிங் பேரரசின் (1368–1644) தெற்கு எல்லையில் யானைகள் ஒழிந்ததற்குப் பெரிய காரணம் உழவரின் ஏரா, அரசின் படையா என்பது தலைப்பு. "ஏர்தான்" என்றார் எதிரணித் தலைவர். அதற்கு மிங் காலத்துக்கும் முந்திய 1171ஆம் ஆண்டு, தென்சீனத்துச் சாவோசோ ஊர்ச் சம்பவத்தைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

நூற்றுக்கணக்கான காட்டு யானைகள் வயலில் இறங்கின, உழவர்கள் குழி வெட்டி வைத்தார்கள். இதுவரை அவர் சொன்னது. பயிரில் வாய் வைக்க வழியில்லாத யானைகள் அப்புறம் என்ன செய்தன? அந்த வழியாகப் போன ஓர் அதிகாரியின் குடும்பத்தை நடுச்சாலையில் சுற்றி வளைத்துக்கொண்டன. ஆள் துணை இருந்தும் பயனில்லை. கடைசியில் ஊரார் நெல்லைக் கொண்டுவந்து குவித்தார்கள். யானைகள் பார்த்தன, அசையவில்லை. இன்னும் கொட்டினார்கள். போதும் என்று தோன்றிய பிறகுதான் தின்றுவிட்டு வழிவிட்டன. மிங்குக்கு முன் சீனத்தை ஆண்ட சோங் அரசமரபின் காலத்து ஏடே பதிந்து வைத்த செய்தி இது. குழி வெட்டிய அதே உழவனுக்கு யானையோடு பேரம் பேசவும் தெரிந்திருந்தது, ஐயா!

அரசுக்கு அந்தப் பேரம் தெரியாது. 991லேயே ஒரு சோங் ஆணை: தெற்கு மாவட்டங்களில் கிடைக்கும் தந்தத்தை அரசிடம்தான் கொடுக்க வேண்டும், பாதி விலை தரப்படும், ஒளித்தால் தண்டனை. தந்தம் யாருக்குத் தேவைப்பட்டது என்று இதிலேயே தெரிகிறதே.

சரி, மிங் காலத்துக்கு வருவோம். 1380களில் தெற்கு எல்லைப் பகுதியான குவாங்சியின் ஷிவான் தாஷான் மலையிலிருந்து யானைகள் இறங்கிப் பயிரை அழித்தன. மிங் அரசமரபை நிறுவிய ஹோங்வூ பேரரசர் 20,000 வீரர்களை அனுப்பினார் என்கின்றன பழைய குறிப்புகள். பயிரைக் காக்கத்தான் வந்தார்கள் என்றால் விரட்டிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. யானை பழக்குவதற்கென்றே ஒரு படைப்பிரிவை அங்கே நிறுவினார்கள். 1388இல் உள்ளூர்க் குறுந்தலைவர்களும் ஆட்களோடு அந்தப் படையுடன் சேர்ந்து யானை பிடிக்கப் போக வேண்டும் என்று ஆணை வந்தது. தலைநகர் அரண்மனை வாசலில் சடங்கு நாட்களில் அணிவகுத்து நிற்க யானை வேண்டுமே! விவசாயியின் புகாரைச் சாக்காக வைத்து அரசு தன் ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்தது.

"காட்டை அழித்தது ஏர்தானே" என்று மறுபடி எழுவார்கள். மிங் படை எப்படிச் சாப்பிட்டது என்று கேளுங்கள். ஒரு படைப்பிரிவுக்கு விதிப்படி 5,600 பேர். எல்லையில் பத்துக்கு மூன்று பேர் காவல், ஏழு பேர் உழவு. ஆளுக்கு ஏறக்குறைய 50 மூ நிலம், அதாவது 7 ஏக்கர் சொச்சம். ஏட்டுக் கணக்கை நான் நம்பச் சொல்லவில்லை, பாதி பேர் ஓடிப்போயிருப்பார்கள். இருந்தாலும் திட்டம் அதுதான்: முகாம் போடு, காட்டை வெட்டு, விதை. யானையின் வழியில் வயலைக் கொண்டுபோய் வைத்ததும் படை, வயலுக்கு வந்த யானையைப் பிடித்ததும் படை.

வட சீனத்தில் யானை மறைந்ததற்கு உழவு பெரிய காரணம் என்றால், தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஷாங் அரசமரபின் காலத்தில், அதன் தலைநகரான ஆன்யாங் பக்கம் திரிந்த யானைகளின் கதை அது. நம் தலைப்பு தெற்கு எல்லை. அங்கே எதிரணி காட்டும் ஏரைப் பிடித்திருந்தவர்களில் எத்தனை பேர் படைச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்? அடுத்து வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், அமர்கிறேன். நன்றி.